ஊதா டேங்கின் மூடி

சோதனையின் இருபத்தேழாம் நாள் எண் எழுபத்துநான்கு; முதல் நாள் பேட்டரி தாங்கிய மின்சாரத்தை நூறு என்று வைத்து எடுக்கிற கணக்கு. முப்பதாம் நாள் அது தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் மில்காரர்கள் எங்கள் பேட்டரியை வாங்க மாட்டார்கள் என்று ஒப்பந்தம். எழுபத்துநான்கு மூன்று நாளில் தொண்ணூறாக ஏறாது என்பதைத் தெரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. முகேஷ்குமாருக்கே தெரிந்துவிட்டது.

வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையின் பின்பக்கம், பழைய பஞ்சுக் கிடங்கில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் ஐநூறு லிட்டர். நடுவில் தட்டுகளை நெருக்கி அடுக்கிய இரும்புப் பெட்டி. பம்புகள். ஒரு டேங்கில் ஆரஞ்சு நிறக் கரைசல். இன்னொன்றில், மின்னேற்றினால் ஊதாவாக மாறும் கரைசல். ராத்திரி மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தை இந்த இரண்டிலும் ஏற்றி வைத்து, காலையில் கட்டணம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மில்லுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்றுவது என் ஷிப்ட். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை உட்கார்ந்து, எண்களை ஒரு திரையில் பார்த்து, ஆறு மணி எண்ணை அறிக்கையில் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஒரு பல்லியைப் பழக்கினாலும் இதைச் செய்யும்.

பார்க்க வருகிறவர்கள் ஊதா டேங்கின் கண்ணாடிச் சன்னல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முகேஷ்குமார் அவர்களுக்கு மல்லிகைச் சரம் கதையைச் சொல்வான். இந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அவன். மில் முதலாளியின் அக்கா மகன். "பாலிமர்னா வேற ஒண்ணும் இல்ல சார், நம்ம நிலக்கோட்டை மல்லி மாதிரி. நாருதான் செயின். பூ ஒவ்வொண்ணும் ஒரு எலக்ட்ரானப் புடிச்சு வச்சுக்கும்." வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை. சரம் எவ்வளவு நீளம் என்று கேட்டிருந்தால் முகேஷ்குமார் கழுத்தைச் சொறிந்திருப்பான்.

நீளம்தான் இதில் எல்லாமே. இரண்டு கரைசலுக்கும் நடுவில் ஒரு சவ்வு இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் சுத்தம் செய்கிற சவ்வின் சாதி. உப்பு அதில் புகுந்து போகும், பாலிமர் போகாது. சங்கிலி குட்டையாக இருந்தால் சவ்வின் ஓட்டையில் நழுவி அடுத்த பக்கம் போய்விடும், பேட்டரி செத்தது. நீளமாக இருந்தால் கரைசல் கேப்பைக் கூழாகும், பம்ப் சூடேறிச் சாகும். எலக்ட்ரானைப் பிடிக்கிற துண்டுகளை நெருக்கி வைத்தால் உப்புத்தண்ணீரில் கரையாது. தள்ளி வைத்தால் கரையும், ஆனால் பத்து லிட்டரில் ஒரு செல்போனுக்குக்கூடக் காணாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க அறிவுச்செல்விக்கு நான்கு வருடம் ஆனது. பதினோராவது பாலிமர்தான் இந்த டேங்கில் இருப்பது.

அறிவுச்செல்வி என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள். இருவரும் ஒரே வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அவள் முடித்தாள். நான் மூன்றாம் வருடம் விட்டுவிட்டேன். காரணம் கேட்கிறவர்களுக்கு வழிகாட்டி சரியில்லை என்று சொல்வேன். வழிகாட்டி நன்றாகத்தான் இருந்தார். ஒரே சோதனையை நாற்பது தடவை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம், அவ்வளவுதான். இந்த ராத்திரி வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதற்காக அவளிடம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

வியாழக்கிழமை மாலை முகேஷ்குமார் எல்லோரையும் கூப்பிட்டான். எல்லோரும் என்றால் அவள், நான், பகல் ஷிப்ட் சோலைமுத்து. கோயம்புத்தூர் ஆலோசகரின் மின்னஞ்சலைத் தன் போனிலிருந்து வாசித்தான். ஆலோசகர் இந்தக் கிடங்குக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். வந்த அன்றைக்கு வேணு பிரியாணியா தலப்பாக்கட்டியா என்பதைத்தான் அதிக நேரம் விவாதித்தார்.

"செயின் ஒடையுதாம். ஒடைஞ்ச பீஸ் எல்லாம் மெம்பிரேன் வழியா லீக் ஆகுதாம். டிசைனே தப்புன்னு எழுதியிருக்காரு."

"ஆரஞ்சு டேங்குலருந்து தினமும் சாம்பிள் எடுக்கேன் சார். ஊதாப் பாலிமர் ஒரு சொட்டுகூட அதுல இல்ல" என்றாள் அறிவுச்செல்வி. "லீக் ஆனா அங்கதான வரணும்?"

"பின்ன ஏம்மா எழுவத்திநாலு?"

"தெரியல."

"தெரியலைங்கிறதையா மில்லுல போய்ச் சொல்லச் சொல்ற? சனிக்கிழமை பத்து மணிக்கு டேங்கர் வருது. ரெண்டையும் காலி பண்ணிருவோம். வெனேடியம் வாங்கி ஊத்திக்கலாம், ஊரு உலகமே அதத்தான் ஊத்துது. உன் புராஜெக்ட் இத்தோட குளோஸ்."

அந்தக் கரைசலில் மறுபடி ஆயிரம் லிட்டர் தயாரிக்க ஏழு மாதம் ஆகும், யாரும் அவளுக்கு ஏழு மாதம் தரப்போவதில்லை. சோலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்.

"நைட்டு டேட்டாவ எப்பவாச்சும் முழுசாப் பாத்திருக்கியா, பிரான்சிஸ்?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"நிமிசத்துக்கு நிமிசம் பதிவாகுது. இருவத்தேழு நாளையும் பாத்தியா?"

"பாத்தேன்றேன்ல."

"பொய்" என்றாள், சத்தத்தைக் கூட்டாமல். "நீ எதையும் பாக்க மாட்ட. பாக்குறவங்களப் பாத்துச் சிரிப்ப. காலேஜ்லயும் அதான், இங்கயும் அதான்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அன்று ராத்திரி அந்தக் கோபத்தில்தான் பார்த்தேன், கடமையில் அல்ல.

இருபத்தேழு நாள் எண்களையும் ஒரே கோடாக இழுத்தேன். முதல் மூன்று நாள் கோடு தரைபோலக் கிடந்தது. நாலாம் நாளிலிருந்து படி படியாக இறங்கியது. ஒரு நாளைக்கு ஒரு படி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால். ஒன்பதாம் நாள் படி இல்லை. பதினாறாம் நாள் இல்லை. இருபத்துமூன்றாம் நாள் இல்லை. தேதியைப் பார்த்தேன். மூன்றும் ஞாயிறு.

உடைகிற சங்கிலி ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது. லீவு எடுப்பது மனிதர்கள்.

கோட்டைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு படியும் காலை ஆறரை மணியை ஒட்டி விழுந்திருந்தது. மில்லுக்கு மின்சாரம் போகத் தொடங்குவது ஏழேகாலுக்கு. அதற்கு முன்னால், யாரும் எதையும் எடுக்காத நேரத்தில், ஏற்றி வைத்தது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில்.

இங்கே சோலைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்தில் முப்பது வருடம் லாரி பேட்டரி சர்வீஸ் செய்தவர். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிகளில் பாதிக்கு அவர்தான் பேட்டரி வைத்தியர். பேட்டரி ஆள் வேண்டும் என்று முகேஷ்குமார் யாரிடமோ சொல்ல, அவர்கள் இவரைக் கொண்டுவந்து விட்டார்கள். பல் டாக்டர் கேட்டால் செருப்புத் தைப்பவரைக் கொண்டுவந்த மாதிரி. இரண்டு பேர் கையிலும் ஊசிதானே. சோதனை தொடங்கி நாலாம் நாள் காலை வேலைக்கு வந்தார். டிபன் தூக்கு, டார்ச் லைட், சட்டைப் பையில் பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஒரு ஹைட்ரோமீட்டர். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க தம்பி, இதுக்குத் தண்ணி எப்பங்க பாக்கறது?" என்று கேட்டார்.

ஐநூறு லிட்டர் பாலிமர் கரைசல். மேலே காற்றே படக்கூடாது என்று நைட்ரஜன் வாயு அடைத்து மூடியிருக்கிறோம். அதைப் பார்த்து ஒருவர் தண்ணீர் எப்போது பார்ப்பது என்கிறார். எட்டு மணி நேரம் விழித்திருந்தவனுக்கு அது ஒரு விருந்து.

"தினமும் பாத்துருங்கண்ணே. ரெண்டு மூடியையும் தொறந்து வச்சு, அரை மணி நேரம் கேஸ் போகட்டும். இல்லைன்னா கெடங்கே வெடிச்சுரும்" என்றேன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. ஆறு கிலோமீட்டர் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். மறுநாளே மறந்துவிட்டேன்.

அந்த ராத்திரி கோட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் முதலில் நான் செய்தது, அப்படி இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டதுதான். எவ்வளவு முட்டாளாக இருந்தாலும் ஒரு மனிதன் அதை நம்புவானா?

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் கிளம்பவில்லை. நைட்ரஜன் சிலிண்டர்களுக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். மில் பஸ் வந்து நின்றது. சோலைமுத்து வந்தார். தூக்கை ஆணியில் மாட்டினார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். ஏணியில் ஏறி ஆரஞ்சு டேங்கின் மூடியைத் திருகித் திறந்தார். பிறகு ஊதா டேங்கு. உள்ளே டார்ச் அடித்தார், ஒரு குச்சியை விட்டு அளந்தார், கேனிலிருந்து கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். இறங்கி, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, உரக்கடை டைரி ஒன்றை எடுத்து எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார். கோயில் குருக்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பூசை செய்ய மாட்டார்.

நான் எழுந்து வந்தேன்.

"ஊட்டுக்குப் போவலீங்களா தம்பி?"

"மூடிய மூடுங்க மொதல்ல!"

"இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குதுங்க. கேஸ் போவோணும்ல?"

நானே ஏறி ஊதா டேங்கை மூடினேன். மூடுவதற்கு முன்னால் உள்ளே பார்த்தேன். கரைசலின் மேல்பரப்பு வெளுத்துக் கிடந்தது, சாயம்போன துணி மாதிரி. ஊதா என்றால் உள்ளே மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பட்டதும் பிடித்து வைத்த எலக்ட்ரானை அது விட்டுவிடும், நிறமும் போய்விடும். ராத்திரி முழுக்க நான் ஏற்றியதைக் காலையில் இவர் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், தினமும், ஞாயிறு நீங்கலாக.

"யாருண்ணே இப்படிச் செய்யச் சொன்னா?"

"நீங்கதானுங்க தம்பி." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி கேட்டவனுக்குப் பதில் சொல்வதைப்போலச் சொன்னார். "லாரி பேட்டரியும் சார்ஜ் போடறப்ப மூடியத் தொறந்துதான் வைப்போமுங்க. நீங்க சொன்னது செரின்னு பட்டுது. ஆனா ஒண்ணுங்க, இது கொதிக்கவே மாட்டீங்குது. வெளுத்துப் போவுது. அதயும் எழுதி வச்சிருக்கறனுங்க."

டைரியை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன்.

எழுத்து குண்டு குண்டாக இருந்தது. ஒவ்வொரு நாளும் திறந்த நேரம், மூடிய நேரம், குச்சியில் அளவு, ஊற்றிய தண்ணீர். ஒரு இடத்தில்: 'ஊதாவில் மேலாக வெளுப்பு. ஆரஞ்சில் வெளுப்பு இல்லை. ஏன் என்று கேட்க வேண்டும்.' இரண்டு வாரம் கழித்து: 'வெளுப்பு ஜாஸ்தி. கேட்க வேண்டும்.' யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அதற்குள் அவருக்குப் பழகியிருக்கும். மூன்று வருடம் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் எழுதிய எந்த நோட்டும் இதற்குப் பக்கத்தில் வராது.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். நாலாம் நாளின் தேதி. 'நைட் சிப்ட் பிரான்சிஸ் தம்பி சொல்படி இன்று முதல் இரண்டு மூடியும் தினம் அரை மணி நேரம் திறக்கப்படும். இல்லையேல் வெடிக்கும்.'

"டைரிய நான் வச்சுக்கிறேன்ணே."

"வச்சுக்குங்க. தப்பாப் போச்சுங்களா?"

"தெரியல" என்றேன். அறிவுச்செல்வி வர எட்டரை ஆகும். எனக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கிடங்கின் பின்பக்கம் போய் நின்றேன். ஒரு தாள். கிழித்து மடித்துச் சாக்கடையில் போட்டால் முடிந்தது. மிச்சப் பக்கங்களே போதாதா? கிழவர் திறந்தார், பாலிமர்மேல் தப்பில்லை, கதை நிற்கும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிற்காது. இரண்டாம் பக்கம் ஏழாம் நாளிலிருந்து தொடங்குகிறது. இறக்கம் நாலாம் நாளிலிருந்து. மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே இறங்கத் தொடங்கிவிட்டதே என்று கோயம்புத்தூர் ஆள் எழுதுவான். ஞாயிறு என்று காட்டினால், ஞாயிறு மில் பாதிதான் ஓடுகிறது, பாதிச் சுமைக்கு இறங்காது என்பான். முட்டாள்களுக்கு ஒரு சந்து போதும். அந்த ஒரு பக்கம் இருந்தால்தான் மூடி திறந்த நாளும் கோடு விழுந்த நாளும் ஒன்றாகும். என் பெயர் எழுதிய பக்கம்.

எனக்கு நல்ல மனது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துவிடலாம் என்று ஒன்றரை மணி நேரமும் நின்றேன். கிழித்தால் அந்த ஆலோசகன் சொன்னது சரியாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் உண்மை.

எட்டரைக்கு அவள் வந்தாள். டைரியைக் கொடுத்து, கோட்டைத் திரையில் காட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்த நிமிடங்களையும் படிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினாள். வியாழன் வரை இருபத்தொரு நாள். இருபத்தொரு படி.

"பாலிமருக்கு ஒண்ணும் ஆகல" என்றாள், பாதி தனக்குள். "ஊதாப் பக்கம் மட்டும் பின்தங்கி நிக்குது. அத மட்டும் தனியா ஏத்திச் சமமாக்கிட்டா திரும்பி வந்துரும்."

முகேஷ்குமார் பத்து மணிக்கு வந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். பாதியில் புரிந்ததும் சோலைமுத்து பக்கம் திரும்பினான்.

"யோவ், மூடியத் தொறந்து வைக்க இது என்ன கொழம்புச் சட்டியா? ஒன்ன யாரு தொடச் சொன்னா? இன்னிக்கே கணக்க முடிச்சிட்டுக் கெளம்பு."

சோலைமுத்து தூக்கை எடுக்க ஆணிப் பக்கம் நடந்தார். என்னைக் காப்பாற்ற என் பெயரை மறைத்தார் என்பதல்ல. யார் சொன்னது என்று கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. அறிவுச்செல்வி டைரியின் முதல் பக்கத்தை முகேஷ்குமாரின் முன்னால் வைத்தாள்.

அவன் படித்தான். பிறகு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"வெடிச்சுரும்னு சொன்னியா? செம ஜோக்குய்யா பிரான்சிஸ்! இவரும் அத நம்பி..." என் தோளைத் தட்டினான்.

என் நகைச்சுவையை ரசித்த முதல் ஆள். நான் இந்த மாவட்டத்திலேயே கேவலமாக மதிக்கிற ஆள். என் தோளில் அவன் கை இன்னும் இருந்தது.

"ஜோக்கு இல்ல. என் தப்பு" என்றேன். "அனுப்புறதா இருந்தா என்ன அனுப்புங்க."

"ஒன்ன அனுப்பிட்டு நைட்டுக்கு ஆளுக்கு எங்க போறது? இவரு போகட்டும்."

"அவரு போனா நானும் போறேன் சார்" என்றாள் அறிவுச்செல்வி. "பதினோராம் நம்பர் பாலிமர் எப்படிச் செய்யணும்னு யார் தலைக்குள்ள இருக்குன்னு யோசிச்சுக்கங்க."

யோசித்தான். அவனுக்கு யோசிப்பது என்றால் லாபத்தை எண்ணுவது. டேங்கரை நிறுத்த முடியாது, சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தே தீரும். அதற்குள் எண்ணைக் காட்டு என்றான்.

வெள்ளி மாலையிலிருந்து ஊதாப் பக்கத்தைத் தனியாக ஏற்றினோம். ராத்திரி முழுக்க அவளும் இருந்தாள். வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சனி காலை ஏழேகாலுக்கு மில்லுக்குத் திறந்துவிட்டோம். ஒன்பதே முக்காலுக்கு டேங்கர் வந்து கேட்டில் ஹார்ன் அடித்தது. பத்து மணி எண் தொண்ணூற்றேழு. மிச்ச மூன்றும் சோலைமுத்து ஊற்றிய தண்ணீரின் கைங்கரியம் என்றாள். டேங்கர் டிரைவர் வாடகை கேட்டுச் சத்தம் போட்டதால், முகேஷ்குமார் மில் கக்கூஸ் தொட்டியை அதில் இறைத்து அனுப்பினான். ஞாயிறு மில்காரர்கள் வந்து எண்ணைப் பார்த்தார்கள். முகேஷ்குமார் மல்லிகைச் சரம் கதையைச் சொன்னான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு நான் கிளம்பவில்லை. சோலைமுத்து வந்தார். தூக்கை மாட்டினார், கை கழுவினார், ஏணிப் பக்கம் போய் நின்றார். டைரி மறுபடி அவர் கையில் இருந்தது.

"அண்ணே, இனிமே மூடியத் தொறக்கக் கூடாது. தண்ணி ஊத்தக் கூடாது. உள்ள இருக்குறது நைட்ரஜன். காத்து பட்டாத்தான் அந்த வெளுப்பு" என்றேன். கேட்காமலேயே சொன்னேன். அவர் டைரியில் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்த கேள்விக்கும் பதில் சொன்னேன்: ஆரஞ்சைக் காற்று ஒன்றும் செய்யாது, அதனால்தான் அது வெளுக்கவில்லை. தெளிவாகச் சொன்னேன். நான் வாத்தியாராக ஆகியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி?"

"நெசமாத்தான்ணே."

அவர் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார், சார்ஜ் நிற்காத பேட்டரியைப் பார்ப்பதைப்போல. பேனாவை எடுக்கவில்லை.

"செரிங்க" என்றார். "அந்தப் புள்ள எட்டரைக்கு வந்துருமுங்க. ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதிக்கறனுங்க."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, டைரியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.